ஸ்கேனர் பெட்டி லேப்டாப்பில் சேரவில்லை: ஏழு வாரமாகத் தீராத புகார்

அனுப்புநர்:
வாகனப் பழுதுபார்ப்பு ஒர்க்‌ஷாப் உரிமையாளர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 27.10.2025

பொருள்: அப்டேட்டுக்குப் பிறகு ஸ்கேனர் பெட்டி நெட்வொர்க்கில் லேப்டாப்புடன் சேராதது, உங்கள் ஊழியர்கள் நடத்திய விதம் குறித்து.

ஐயா, வணக்கம்.

வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசிக் கோளாறைப் படிக்கும் உங்கள் ஸ்கேனர் பெட்டியை 2023-ல் 68,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டு வருடம் நன்றாக உழைத்தது, அதை மறைக்க மாட்டேன். செப்டம்பர் 8-ம் தேதி உங்கள் சாப்ட்வேரை அப்டேட் செய்தேன். செய்யாவிட்டால் உள்ளேயே விடமாட்டேன் என்றது, அதனால் செய்தேன். அன்றிலிருந்து பெட்டி கிடைக்கவில்லை என்று காட்டும் அந்தச் சிவப்புக் கட்டம்தான். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஏழு வாரத்தில் பதினொரு போன், ஐந்து புகார் எண், ஒரு திருச்சிப் பயணம். இனிமேல் போனில் பேச எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

என் ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிற்பது வெளியே தகரக் கொட்டகையில். லேப்டாப் இருப்பது உள்ளறையில், கிரீஸ் கை படாத இடத்தில். நடுவில் நாற்பது அடி. யூஎஸ்பி வயரை 5 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது, லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். இதற்காகத்தான் யூஎஸ்பி மாடலை விட்டுவிட்டு, கூடப் பணம் போட்டு நெட்வொர்க் மாடலை வாங்கினேன். பெட்டி, கோளாறைப் படிக்க வண்டியிலேயே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில். அதிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு வைஃபை. பெட்டியின் ஐபி முகவரி மாறாமல் இருக்க ரவுட்டரிலேயே 192.168.1.50 என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். பழைய சாப்ட்வேரில் அந்த முகவரியைக் கையால் அடிக்க ஓர் இடம் இருந்தது. அடிப்பேன், இரண்டாவது விளக்கு பச்சையாகும், வேலையைப் பார்ப்பேன். புதியதில் அந்த இடத்தையே எடுத்துவிட்டீர்கள். தானாகத் தேடும் பொத்தான் மட்டும் இருக்கிறது. அது தேடிக்கொண்டே இருக்கிறது.

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து பிங் அடித்தால், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்த்தால், இரண்டு மூன்று மில்லிசெகண்டில் பதில் வருகிறது. கேபிள் சரி, முகவரி சரி, ரவுட்டர் சரி. உங்கள் சாப்ட்வேருக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை. இதைத்தான் பதினொரு தடவையும் சொன்னேன்.

அக்டோபர் 9-ம் தேதி மாலை பேசிய உங்கள் ஊழியர் என்ன சொன்னார் தெரியுமா? அன்றைக்கு வடுவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பிஎஸ்6 டீசல் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரின் விளக்கு எரிகிறது, வண்டி இழுக்கவில்லை, நாற்பதைத் தாண்ட மறுக்கிறது. புகைக்கரி அடைத்த ஃபில்டர். ஸ்கேனரைப் போட்டு ரீஜெனரேஷன் கொடுத்தால் ஃபில்டர் 600 டிகிரி அளவுக்குச் சூடாகி கரி எரிந்துவிடும், வண்டி கிளம்பிவிடும். ஸ்கேனர் இல்லாமல் நான் அதில் கை வைக்க முடியாது. குறுவை அறுத்துக் கொட்டிய நேரம், மழை வேறு. வண்டியில் இருந்த மூட்டையைப் பிரித்து ஒரு கை நெல்லை என்னிடம் காட்டினார். சில மணிகளின் நுனியில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் தள்ளிவிடுவார்கள். "தம்பி, இன்னைக்கு எப்படியாவது கொண்டு சேத்துடணும்" என்றார்.

அவர் பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரில் போட்டு உங்களுக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் பாட்டுப் போட்டீர்கள். அப்புறம் வந்த ஊழியர், நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "உங்க ஊர்ல எல்லாம் நெட் எங்க சார் ஒழுங்கா வருது? டவர் இருக்கற இடத்துக்குப் போய்ப் போட்டுப் பாருங்க" என்றார்.

ஐயா, இது லோக்கல் நெட்வொர்க். பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருப்பது என் ரவுட்டரும் ஒரு கேபிளும் மட்டும். இன்டர்நெட் வயரைப் பிடுங்கி எறிந்தாலும் இது ஓட வேண்டும், பழைய சாப்ட்வேரில் ஓடியது. இதை நான் சொன்னதற்கு, "டெக்னிகலா பேசாதீங்க சார், ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அனுப்புங்க" என்று வைத்துவிட்டார். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. போன் வைத்ததும் அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் மேசையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த நெல் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. என்ன ஆகியிருந்தாலும் அதற்கு உங்கள் நிறுவனம்தான் பொறுப்பு.

உங்கள் ஊழியர்கள் எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. செப்டம்பரில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார். லேப்டாப்பின் காவல் சாப்ட்வேரான ஃபயர்வாலில் நெட்வொர்க்கை 'பப்ளிக்'கிலிருந்து 'பிரைவேட்'டுக்கு மாற்றச் சொன்னார், மாற்றினேன். புது வண்டிகளில் நெட்வொர்க் வழியாகக் கோளாறு படிக்கும் டிஓஐபி முறைக்காக, தகவல் போகும் வாசலான 13400 போர்ட்டைத் திறந்திருக்கிறீர்களா என்று அவர் ஒருவர்தான் கேட்டார். அதையும் ஏற்கெனவே திறந்திருந்தேன். மேலே அனுப்புகிறேன் என்றார். அந்த மேலே எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த போனில் புது எண் கொடுத்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்கள்.

இனி அந்தத் திருச்சிப் பயணத்தைச் சொல்கிறேன். தில்லை நகரில் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் பெட்டியை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று போனில் சொன்னார்கள், இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு, கொட்டும் மழையில் பஸ் மாறிப் போனேன். வருடத்திலேயே வேலை அதிகம் வரும் வாரம் அது. மதியம் வரை உட்காரவைத்தார்கள். அப்புறம் ஒரு பையன் வந்து பெட்டியை வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். "உள்ள ஒண்ணும் லூஸ் இல்ல சார்" என்றான். பவர் கொடுத்துப் பாருங்கள் என்றேன். வண்டி எங்கே என்று கேட்டான்.

இந்தப் பெட்டிக்கு ஓபிடி சாக்கெட்டின் 16-வது பின்னிலிருந்துதான் 12 வோல்ட் வருகிறது. வண்டியோ பேட்டரியோ இல்லாமல் விளக்குக்கூட எரியாது. உங்கள் பொருள், உங்களுக்குத் தெரியாதா? உங்கள் சர்வீஸ் சென்டரில் ஒரு 12 வோல்ட் பேட்டரி கிடையாதா? வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். "ரூல்ஸ் இல்ல" என்றார்கள். இரவு ஒன்பது மணிக்கு நனைந்த பையோடு வீட்டுக்கு வந்தேன்.

கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்தது என் அக்கா மகன், கல்லூரியில் படிக்கிற பையன். லேப்டாப்பில் வைஃபை தவிர இன்னும் இரண்டு நெட்வொர்க் அடாப்டர், அதாவது நெட்வொர்க்கில் சேரும் வழிகள், இருக்கின்றன. உங்கள் புதிய சாப்ட்வேர் பெட்டியைத் தேடிக் குரல் கொடுப்பதை வேறு ஏதோ ஓர் அடாப்டர் வழியாகக் கொடுக்கிறது, பெட்டி இருக்கும் பக்கம் அது போவதே இல்லை. மற்ற இரண்டையும் நிறுத்திவிட்டுத் தேடினால் பெட்டி கிடைக்கிறது. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி அதே கதை. பெட்டியை நேராக லேப்டாப்பில் சொருகியும் பார்த்தோம். முகவரி கொடுக்க ரவுட்டர் இல்லாததால் லேப்டாப் 169.254 என்று தானாக ஒன்றை எடுத்துக்கொண்டது, அப்போதும் சிவப்புக் கட்டம்தான். ஒரு சாயங்காலத்தில் அவன் பார்த்ததை உங்கள் நிறுவனம் ஏழு வாரமாகப் பார்க்கவில்லை.

எனக்கு நட்டம் மூன்று லட்சத்துக்குக் குறையாது. இந்த ஏழு வாரமும் வந்த வேலையெல்லாம் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. இருபது வருடம் கட்டிக் காத்த பெயர் போய்விட்டது, அதற்கு எந்தக் கணக்கில் விலை போடுவது?

சண்டை போட எனக்கு ஆசையில்லை. முகவரியைக் கையால் அடிக்கும் இடத்தைத் திரும்பக் கொடுங்கள், அல்லது எந்த அடாப்டர் வழியாகத் தேட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க விடுங்கள். அதற்கு நாளாகும் என்றால் பழைய சாப்ட்வேரைப் போட்டு, இந்த ஆண்டுச் சந்தா 11,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அக்டோபர் 9-ம் தேதி பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தக் கடைசியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. தொழிலுக்கு வாங்கிய பொருள் என்று தப்பிக்கப் பார்க்க வேண்டாம். சுயதொழிலில் பிழைப்பு நடத்த வாங்கியவனும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான்.

பில், பஸ் டிக்கெட், பிங் பதில் வந்த திரையின் படம், ஐந்து புகார் எண்கள் எல்லாவற்றின் நகலையும் இணைத்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிட்டால் பேச வசதி. கூப்பிடுகிறவர் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கூப்பிடட்டும், நான் மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மன்னார்குடி.