துருவ ஊருக்குப் போகிறவர்கள் முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நோர்வேயில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் மட்டக்களப்பில் பல. தாய் தகப்பனைக் கூப்பிடும் பிள்ளைகளில் சிலருக்கு ஒஸ்லோவும் பேர்கனும் இப்போது போதவில்லை. ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் இருக்கும் லொங்யியர்பியன் வரை கூட்டிப்போக ஆசை. ஆசையில் பிழையில்லை. ஆனால் மலிவான ரிக்கற்றை முதலில் எடுத்து, பிறகு விசாவுக்கு ஓடி, அங்கே அந்த மாதம் எப்படி இருக்கும் என்பதைக் கடைசியில் விசாரிக்கிறார்கள். செய்யவேண்டியது நேரெதிர்.

அந்த ஊர் 78 பாகை வடக்கில் இருக்கிறது. ஒக்ரோபர் கடைசியில் மறையும் சூரியன் பெப்ரவரி நடுப்பகுதி வரை அடிவானத்துக்கு மேலே வராது. சுற்றிலும் மலை என்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 அளவில் ஆகும். ஏப்ரல் 20 அளவிலிருந்து ஓகஸ்ட் 23 அளவு வரை சூரியன் மறைவதே இல்லை. எங்கள் பாடசாலை விடுமுறையை நம்பி டிசம்பரில் போனால் நண்பகலிலும் கும்மிருட்டுத்தான். துருவ ஒளி பார்க்கத்தானே போகிறோம் என்றால், அதற்கு நோர்வேயின் வடக்கிலுள்ள ட்ரொம்சோ நகரமே மேல். துருவ ஒளி தோன்றும் பகுதி துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கும். இரவில் அந்த வளையம் பெரும்பாலும் ட்ரொம்சோ இருக்கும் அகலக்கோட்டை ஒட்டி நிற்கும். லொங்யியர்பியன் அதற்கு வடக்கே தள்ளிப்போய்விடுகிறது. பனியும் வெளிச்சமும் ஒன்றாக வேண்டுமென்றால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை. படகில் போய்ப் பனியாறு பார்க்க ஜூலை, ஓகஸ்ட். அப்போது வெப்பநிலை 7 பாகை அளவில் இருக்கும், நிலத்தில் பனி அவ்வளவாக இராது.

அடுத்தது விசா. ‘ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை’ என்று முகநூலில் சுற்றும் தகவல் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. 1920ஆம் ஆண்டு உடன்படிக்கை தீவுகளை நோர்வேயின் இறைமைக்குள் வைத்தது. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர விடும் செங்கன் வலயத்துக்குள் நோர்வேயின் பெருநிலம் மட்டுமே இருக்கிறது, இந்தத் தீவுகள் வெளியே. அங்கே இறங்க விசா கேட்கமாட்டார்கள். வழமையான விமானங்களோ ஒஸ்லோ அல்லது ட்ரொம்சோ ஊடாகத்தான் போகின்றன. அதில் ஏறும்போது நீங்கள் செங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வரும்போது அது இரண்டாம் நுழைவு. ஒருமுறை நுழைவு விசாவோடு போனவருக்குத் திரும்ப வழியில்லை. எனவே விண்ணப்பத்தில் நுழைவுகளின் எண்ணிக்கை கேட்கும் இடத்தில் இரண்டு அல்லது பல என்று குறிக்கவேண்டும். லொங்யியர்பியன் தங்குமிடப் பதிவையும் இணைக்கவேண்டும். கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் விசாவில் நுழைவு ‘01’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பயணத்துக்கு அது உதவாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கொழும்பு நோர்வே தூதரகம் 2023இல் மூடப்பட்டதால் கடைசி நேரத்தில் கதவைத் தட்ட இடமும் இல்லை.

செங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். ‘செங்கன் நாடுகளுக்கு மட்டும்’ என்று எழுதிய காப்புறுதி ஸ்வால்பார்டில் கைகொடுக்காமல் போகலாம். அந்தப் பெயரைச் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஊரில் இருப்பது சிறிய ஆசுப்பத்திரி. பெரிய வருத்தம் என்றால் விமானத்தில் ட்ரொம்சோவுக்கு ஏற்றுவார்கள், அந்தச் செலவையும் காப்புறுதி ஏற்கவேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை ஏற்றும் பொதியில் வைக்கக்கூடாது, வெளியே போகும்போது உடம்போடு ஒட்டிய உட்பையில் வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை இளக வைத்துப் பாவிக்க முடியாது.

நுவரெலியாவுக்கு வாங்கிய சுவெற்றர் அங்கே செல்லாது. மார்ச்சில் பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகை சர்வசாதாரணம், காற்று வேறு. உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதற்கு மேல் தடித்த கம்பளி, வெளியே காற்றுப் புகாத அங்கி. பருத்தி பெனியன் வேண்டவே வேண்டாம்; வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நடை நின்றதும் உடம்பைக் குளிரவைக்கும். சப்பாத்து ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி மேஸ் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் மரத்துப்போகும். கைத்தொலைபேசியைச் சேர்ட்டுக்குள் வையுங்கள், குளிரில் பற்றரி நின்றுவிடும். வெளியிலிருந்து வந்தால் கமராவை வாசலிலேயே பொலித்தீன் பையில் இறுகக் கட்டிவிட்டு உள்ளே கொண்டுபோனால் அதில் நீர் படியாது. பல விடுதிகளில் சப்பாத்தைக் கழற்றித்தான் நுழையவேண்டும். நிலக்கரிச் சுரங்கக் காலத்து வழக்கம். ஓட்டை மேஸ் மானத்தை வாங்கிவிடும்.

ஊர் எல்லைக்கு வெளியே துருவக் கரடி பயம் உண்டு, வழிகாட்டி இல்லாமல் அடி வைக்கக்கூடாது. 2025 தொடக்கம் கரடியிலிருந்து 300 மீற்றர் விலகி நிற்பது சட்டம்; மார்ச் முதல் ஜூன் முடியும்வரை 500 மீற்றர்.

காற்றும் மூடுபனியும் விமானத்தை நிறுத்திவிடும் ஊர் அது. ஒஸ்லோவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டே கட்டுநாயக்கவுக்கான விமானத்தைப் பதியவேண்டும். தனித்தனி ரிக்கற் என்றால் தவறவிட்ட விமானத்துக்கு எந்தக் கம்பனியும் பொறுப்பு நிற்காது. முழங்கால் வருத்தம், இருதய வருத்தம் உள்ள பெற்றோரை அங்கே இழுக்காமல் ட்ரொம்சோவோடு நிறுத்தினால் இரண்டாம் நுழைவும் தேவையில்லை, பெரிய ஆசுப்பத்திரியும் அந்த ஊரிலேயே இருக்கிறது.

வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.