நலம், நலமறிய ஆவல்

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம். நலமறிய ஆவல். (இந்த வரியை எழுதும்போதே கை கூசுகிறது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.) எட்டு மாதம் வாயைத் திறக்காதவளுக்கு இப்போது மட்டும் என்ன வந்தது என்று திட்டுவாய். திட்டிக்கொள், வார்டனிடம் வாங்காததா. மகள் வீட்டில், ஜெர்மனியில் ஆக்ஸ்பர்கில் இருக்கிறேன். பேரன் நடக்கிறான், மாப்பிள்ளை சமைக்கிறார், எனக்கு முட்டி வலிக்கிறது. வீட்டுச் செய்தி முடிந்தது.

போன சனிக்கிழமை டோனாவொர்த்தில் ரயில் மாறி நோர்ட்லிங்கன் என்ற ஊருக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். பேர் சொன்னால் உனக்குத் தெரியாது. ஜியாலஜி எடுத்த நம் கல் சார் கரும்பலகையில் தோசை மாதிரி ஒரு வட்டம் போட்டு, "இது எரிமலை இல்லைம்மா, வானத்திலிருந்து விழுந்த அடி" என்று மேஜையைத் தட்டினாரே, ரீஸ் பள்ளம்? அந்தத் தோசைக்குள்தான் இந்த ஊர் உட்கார்ந்திருக்கிறது! ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு விண்கல் வந்து விழுந்து, இருபத்து நாலு கிலோமீட்டர் அகலத்துக்குக் குழி. 1960ல் சூமேக்கர், சாவோ என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இந்தப் பாறையில் கோயசைட்டை, பயங்கர அழுத்தத்தில் உண்டாகும் அந்தக் கனிமத்தை, காட்டும்வரை எரிமலை என்றுதான் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஊரை வட்டமாகச் சுற்றி ஒரு மதில் இருக்கிறது, வருகிறவர்கள் அதைத்தான் பள்ளத்தின் விளிம்பு என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். எனக்கு ஒவ்வொருவரையும் நிறுத்தி வகுப்பு எடுக்க வேண்டும் போலிருந்தது. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதிலின் மேல் ஓட்டுக்கூரை போட்ட நடைபாதை, ஊரை முழுசாக ஒரு சுற்று வரலாம், 2.7 கிலோமீட்டர், காசு கேட்க ஆளில்லை. ஒரு பக்கம் தோட்டம், இன்னொரு பக்கம் யார் வீட்டுக் கொல்லையோ, கொடியில் காயும் பனியன். மர வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, நம் ஹாஸ்டல் பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரிகள் தூங்குவது மாதிரி நிற்கின்றன. இதெல்லாம் அழகுதான், படம் அனுப்புகிறேன். நான் சொல்ல வந்தது கோயில்.

1427ல் ஆரம்பித்து 1505 வரை கட்டிய செயின்ட் ஜார்ஜ் கோயில். முழுக்க அந்த விண்கல் உருக்கிப் பிசைந்த சூவைட் கல். பையில் லென்ஸ் இருந்தது (எந்த லென்ஸ் என்று கேட்காதே), கோயில் சுவரில் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன், உருகிக் கண்ணாடியான துணுக்குகள் அப்படியே தெரிகின்றன. அடிபட்ட பாறையில் கிராஃபைட் இருந்ததால் இந்தக் கல்லுக்குள் வைரத்துணுக்குகள்கூட உண்டு, வெறும் கண்ணுக்குச் சிக்காது. மாப்பிள்ளையிடம் சொன்னதும் அவர் சுவரைப் பார்த்த பார்வையே வேறு. அப்போலோ 14 ஆட்கள் நிலவுக்குப் போவதற்கு முன் 1970ல் இங்கே வந்து கல் பார்க்கப் பழகினார்களாம். நம்மைச் சேலத்துக்கு அழைத்துப் போனது மாதிரி, சோறு மட்டும் நல்லதாகப் போட்டிருப்பார்கள்.

கோபுரம் 350 படி. ஏறினேன். முட்டியைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இரவு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அரைமணிக்கு ஒரு தரம் அங்கிருந்து காவல்காரர் "ஸோ, க்ஸெல், ஸோ" என்று கூவுகிறார், வாயால்தான், மைக் இல்லை. 1440ல் காவலர்கள் எதிரியிடம் காசு வாங்கிக்கொண்டு மதில் கதவைத் தாழிடாமல் விட்டார்களாம், ஒரு பன்றி முதுகைச் சொறியப் போய்க் கதவு ஆடி, ஒரு பெண் பார்த்து இதே வார்த்தையைச் சொல்லிச் சத்தம் போட்டாளாம். கதைதான், ஆனால் பன்றிக்கு ஊரெல்லாம் மரியாதை.

அப்புறம் அந்தப் பெண்கள். இதே ஊரில் 1590ஐ ஒட்டிய சில வருஷங்களில் சூனியக்காரிகள் என்று முப்பத்து நாலு பெண்களையும் ஒரு ஆணையும் கொன்றிருக்கிறார்கள். மரியா ஹோல் என்று ஒரு விடுதிக்காரி, 62 தரம் சித்திரவதை செய்தும் ஒப்புக்கொள்ளாமல் 1594ல் உயிரோடு வெளியே வந்தாள். அவள் பேரில் ஒரு நீரூற்று வைத்திருக்கிறார்கள். அவளை நினைத்தால் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. என்னைத் தூங்கவிடாதவள் இன்னொருத்தி, ரெபெக்கா லெம்ப். கணவன் ஊரில் இல்லாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். உள்ளேயிருந்து அவள் எழுதிய கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. மகள் ராத்திரி ஃபோனில் தேடி வாசித்து அர்த்தம் சொன்னாள். ஒன்றில் கணவனிடம், நான் சாவதற்கு ஏதாவது அனுப்பு, இல்லாவிட்டால் வலியில் உடைந்துபோய்விடுவேன் என்று கேட்கிறாள். அதுகூடத் தாங்கிவிட்டேன்டி. பிள்ளைகள் அவளுக்கு எழுதியது இருக்கிறதே. நாங்கள் நலம், நீயும் நலம் என்று சொல்லி அனுப்பியிருந்தாய், அப்பா இன்றைக்கு வந்துவிடுவார் என்று நினைக்கிறோம். அவ்வளவுதான். 1590 செப்டம்பரில் அவளை எரித்துவிட்டார்கள்.

நீயும் நலம் என்று சொல்லி அனுப்பியிருந்தாய். மகள் அதை வாசித்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. அதோடு இதை ஒப்பிடுவது அபத்தம், தெரியும், திட்டாதே. ஜனவரியில் நீ ஸ்கேன் எடுக்கப் போகிறேன் என்றாய். ரிசல்ட் வந்ததா என்று கேட்டேன். "நலம்" என்று ஒற்றை வார்த்தை, பக்கத்தில் ஒரு கும்பிடு. ஹாஸ்டலில் மஞ்சள் காமாலையோடு படுத்துக்கொண்டு உன் அம்மாவுக்கு நீ எழுதிய கார்டும் அதே வார்த்தையில்தான் ஆரம்பித்தது, தபாலில் போட்டவளே நான்தான். தெரிந்தும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. எட்டு மாதம் எழுதாமல் இருந்ததற்குப் பேரனைக் காரணம் சொல்லலாம் என்று பார்த்தேன், பாவம் அவன்.

டிசம்பரில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அதுவரை காத்திருக்கமாட்டேன். டாக்டர் என்ன சொன்னார், என்ன மருந்து, கூட யார் வருகிறார்கள், எல்லாம் எழுது. அந்த ஒரு வார்த்தை மட்டும் அதில் இருக்கக்கூடாது.

உன்
மண்ணாங்கட்டி

பி.கு. அந்த லென்ஸ் உன்னுடையதுதான். மூன்றாம் வருஷ ஃபீல்டில் தொலையவில்லை, நான்தான் எடுத்தேன். சரி, இப்போது உன் முறை.