அடி வாங்கியவர் புகார் கொடுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சி நட்சத்திரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பிபிசியின் 'டாப் கியர்' என்ற கார் நிகழ்ச்சி ஒரு தட்டு மாட்டிறைச்சிக்காக அழிந்துபோனது என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரிச் சாப்பாட்டில் வந்த ஒரு சின்னத் தகராறைப் பெரிதாக்கி, பொன் முட்டை இடும் வாத்தை நிர்வாகமே அறுத்துவிட்டதாம். கட்டுரையாளர் அந்த நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சனின் பரம ரசிகர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. இருக்கட்டும். நானும் அந்த நிகழ்ச்சியை விரும்பிப் பார்த்தவன்தான். ஆனால் சின்னத்திரைத் தொடர்களில் தயாரிப்பு நிர்வாகியாகக் காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் என்பதால், இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

2015 மார்ச் 4. இங்கிலாந்தில் வடக்கு யார்க்‌ஷயர் பகுதியில் சிமன்ஸ்டோன் ஹால் என்ற ஓட்டல். படப்பிடிப்பு முடிந்து நாயகர்கள், அதாவது தொகுப்பாளர்கள், நேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள். சூடாக எதுவும் செய்து தர முடியாது, ஆறிய இறைச்சித் துண்டுகள்தான் இருக்கின்றன என்று சொல்லப்பட்டதாக அன்றைய செய்திகள் கூறின. அதற்குக் கிளார்க்சன் பொறுப்பாக்கியது நிகழ்ச்சியின் தயாரிப்பாளரை. அவர் நம் ஊர்ப் படமுதலாளி போன்றவர் அல்ல. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த இளைஞர். பிபிசி ஸ்காட்லாந்தின் இயக்குநர் கென் மெக்குவாரி நடத்திய விசாரணையின் முடிவுகள் வெளியாகியிருக்கின்றன. சுமார் 30 விநாடி அடி. இன்னொருவர் குறுக்கே வந்ததால்தான் அது நின்றது. அடி வாங்கியவர் திருப்பிக் கை ஓங்கவில்லை. உதடு வீங்கி இரத்தம் வந்தது. வசவு அதோடு முடியவில்லை. சாப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கும் படுக்கை அறையில் இருந்தவருக்கும் கேட்கும்படி, வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்ற மிரட்டலோடு தொடர்ந்தது. பிறகு அந்த இளைஞர் மருத்துவமனைக்குப் போனார்.

அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய வரி வேறு. அடிபட்டவர், தன் வேலை போய்விட்டது என்றே நம்பினார் என்று மெக்குவாரி எழுதியிருக்கிறார். முறைப்படி அவர் புகாரும் கொடுக்கவில்லை. விஷயத்தை நிர்வாகத்திடம் கொண்டுபோனது கிளார்க்சனேதான். அதை அவருடைய நேர்மைக்கு வரவு வைக்கலாம், நானும் வைக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அடித்தவர் தானாகச் சொல்லியிராவிட்டால் அந்த இரவு யாருக்கும் தெரியாமலே போயிருக்கலாம். அடுத்த வாரம் வழக்கம்போல எபிசோட் வந்திருக்கும். கட்டுரையாளரும் கைதட்டிப் பார்த்திருப்பார்.

படப்பிடிப்பு இடத்தில் சாப்பாடு என்பது சின்ன விஷயம் என்று வெளியில் இருப்பவர்கள்தான் சொல்வார்கள். யாருக்கு எந்தத் தட்டு, யாருக்குக் கேரவனில், யாருக்கு மரத்தடியில் என்பதில்தான் அங்கே ஒவ்வொருவரின் உயரமும் அளக்கப்படுகிறது. பொள்ளாச்சியில் ஓர் அவுட்டோர். இரவுக் காட்சி இழுத்துக்கொண்டே போனது. கதாநாயகனுக்கு எடுத்து வைத்த தோசை ஆறிப்போயிற்று. தட்டு பறந்து வந்து தயாரிப்புப் பையன் ஒருவன் மார்பில் பட்டது. சட்டையெல்லாம் சாம்பார். அவன் குனிந்து தட்டை எடுத்து, "வேறு சூடாகக் கொண்டுவரட்டுமா அண்ணா?" என்று கேட்டான். மறுநாள் காலைப் பஸ்ஸில் அவனைச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். நாயகனுக்கு அவன் முகத்தைப் பார்த்தால் மூடு வரவில்லையாம். அவனும் யாரிடமும் புகார் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்?

எனவே, கிளார்க்சனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது அளவு மீறிய தண்டனை என்ற வாதம் எனக்கு ஏறவில்லை. ஒருவருக்கு ஒரு விதி, இன்னொருவருக்கு வேறொரு விதி என்று இருக்க முடியாது. பதவியோ, விளம்பரமோ, வருமானமோ அதைத் தீர்மானிக்கக் கூடாது என்ற பொருளில்தான் மார்ச் 25 அன்று பிபிசி தலைமை இயக்குநர் டோனி ஹால் தன் முடிவை அறிவித்தார். அப்போது அந்த நிகழ்ச்சியால் பிபிசியின் வணிகப் பிரிவுக்கு ஆண்டுக்குச் சுமார் 5 கோடி பவுண்டு வருமானம் என்று சொல்லப்பட்டது. உலகில் அதிகம் பேர் பார்க்கும் தகவல் நிகழ்ச்சி என்று கின்னஸ் புத்தகமும் இடம் கொடுத்திருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவரைத் திரும்ப எடுக்கக் கோரிக் கையெழுத்திட்டார்கள். அந்த மனுவை ஒரு பீரங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு பிபிசி வாசலுக்கே வந்தார்கள். பிரதமர் டேவிட் கேமரன் தன் நண்பருக்காகப் பரிந்து பேசினார். சமூக வலைத்தளங்களில் அடிவாங்கிய இளைஞரைத்தான் திட்டித் தீர்த்தார்கள். அவரை விட்டுவிடுங்கள் என்று கிளார்க்சனே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இவ்வளவு நெருக்கடியிலும் ஒரு நிர்வாகம் பணத்தைப் பார்க்காமல் முடிவெடுத்தது என்றால், அதைப் பாராட்ட வேண்டாமா?

என் குறை வேறு. அந்த முடிவு தாமதமாக வந்தது. பிபிசியைக் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் கட்டுரையாளர் அங்கே சொல்லியிருக்கலாம். 2011இல் மெக்சிகோக்காரர்களைச் சோம்பேறிகள் என்று கேலி செய்து, தூதர் கண்டித்த பிறகு பிபிசி வருத்தம் தெரிவித்தது. நம் நாட்டில் எடுத்து அதே ஆண்டு டிசம்பரில் ஒளிபரப்பிய சிறப்பு நிகழ்ச்சியில், ஜாகுவார் காரின் பின்பக்கத்தில் கழிப்பறைத் தொட்டியைப் பொருத்திக்கொண்டு ஊர் சுற்றினார் கிளார்க்சன். இலண்டனிலிருந்த இந்தியத் தூதரகம் எழுத்து மூலம் ஆட்சேபித்தது. 2014இல் பர்மா நிகழ்ச்சியில் ஆசியர்களை இழிவுபடுத்தும் சொல்லுக்காக ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு விதிமீறல் என்று தீர்ப்பளித்தது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லை முணுமுணுத்த பழைய காட்சி அதே ஆண்டு வெளிவந்தது, மன்னிப்புக் கேட்டார். இன்னொரு முறை யாரையாவது புண்படுத்தினால் வேலை போய்விடும் என்று நிர்வாகம் சொன்னதாக அவரே எழுதினார். கடைசி எச்சரிக்கைக்குப் பிறகும் கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்டோபரில் அர்ஜென்டினா. பிரிட்டனிடம் அர்ஜென்டினா தோற்ற ஃபாக்லாந்து போரை நினைவூட்டும் எண் பலகை கொண்ட காரைப் பார்த்துக் கூட்டம் கொதித்தது. அது தற்செயல் என்றார்கள். நாயகர்கள் மூவரும் விமானத்தில் ஏறிப் போய்விட்டார்கள். கார்களை ஓட்டிக்கொண்டு சிலி எல்லைக்கு ஓடியதும், வழியெல்லாம் கல்லடி பட்டதும் படப்பிடிப்புக் குழுவினர்தான்.

இதைப் படித்தபோது யார்க்‌ஷயர் ஓட்டல் எனக்குத் தனிச் சம்பவமாகத் தோன்றவில்லை. பெரியவர் விமானத்தில், குழு சாலையில் என்று பழகிவிட்ட இடத்தில் ஒரு நாள் கை நீளத்தான் செய்யும்.

இனி, நிகழ்ச்சி அழிந்துபோனது என்பதற்கு வருகிறேன். கட்டுரையாளருக்கு ஆண்டுக் கணக்கே தப்பு. கிளார்க்சனோடு சக தொகுப்பாளர்கள் ரிச்சர்ட் ஹாமண்டும் ஜேம்ஸ் மேயும் விலகி, 2016இல் அமேசானில் 'தி கிராண்ட் டூர்' தொடங்கினார்கள். அது 2024 வரை ஓடியது. பிறகு கிளார்க்சன் தன் பண்ணையைப் பற்றிய தொடரால் இன்னும் பெரிய நட்சத்திரமானார். ஆக, அவர் ஒன்றும் தெருவில் நிற்கவில்லை. 2016 பிப்ரவரியில் அந்தத் தயாரிப்பாளரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்.

'டாப் கியர்' முதலில் தடுமாறியது உண்மை. கிறிஸ் எவன்ஸை முன்னிறுத்தி 2016இல் தொடங்கியபோது முதல் நிகழ்ச்சியை 44 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தப் பருவத்தின் முடிவில் 19 லட்சம். ஒரே பருவத்தோடு அவர் போய்விட்டார். போனவரின் சத்தத்தை வந்தவர் நகல் எடுத்ததுதான் கோளாறு என்பது என் அபிப்பிராயம். ஆனால் 2019இல் முன்னாள் இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப், பேடி மெகின்னஸ், கிறிஸ் ஹாரிஸ் மூவரும் சேர்ந்தபோது நிகழ்ச்சி மறுபடி களை கட்டியது. 2020இல் பிபிசியின் முதல் அலைவரிசைக்கே உயர்ந்தது. (அதே ஃபிளின்டாஃப்தான், 2002இல் வான்கடே மைதானத்தில் சட்டையைக் கழற்றிச் சுழற்றி, நம் கங்குலியிடம் லார்ட்ஸில் பதில் வாங்கியவர்.)

நிகழ்ச்சியை நிறுத்தியது 2022 டிசம்பரில் டன்ஸ்ஃபோல்டு விமானத் தளத்தில் நடந்த விபத்து. மூன்று சக்கரக் கார் கவிழ்ந்து ஃபிளின்டாஃபின் முகம் சிதைந்தது. இன்னும் சில காலத்துக்கு 'டாப் கியர்' வராது என்று 2023 நவம்பரில் பிபிசி அறிவித்தது. பெரிய விபத்து வரும் என்று தான் முன்கூட்டியே மேலிடத்தில் எச்சரித்ததாகக் கிறிஸ் ஹாரிஸ் பின்னாளில் சொன்னார். 2006இலேயே ரிச்சர்ட் ஹாமண்ட் ஜெட் எஞ்சின் காரில் மணிக்கு 288 மைல் வேகத்தில் போய் உயிர்பிழைத்த கதை அந்த நிகழ்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. ஹாரிஸ் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? மாட்டிறைச்சியைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் இந்த விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

பிபிசி திருந்திவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. 'மாஸ்டர்செஃப்' சமையல் போட்டியின் நடுவர் கிரெக் வாலஸ் மீது தகாத நடத்தை குறித்து வந்த 83 குற்றச்சாட்டுகளில் 45 நிரூபணமானதாக 2025 ஜூலையில் அறிக்கை வந்தது. பெரும்பாலானவை 2018க்கு முன் நடந்தவை. அத்தனை ஆண்டுகள் அவர் சிரித்த முகத்தோடு கரண்டி பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் போனார், கூட நடுவராக இருந்த ஜான் டொரோடும் போனார்; நிகழ்ச்சிக்குப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது நம் சின்னத்திரைப் பக்கமும் ஒருவரை அனுப்புங்கள். பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால், 10 பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள்புகார்க் குழு வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அதை எத்தனை யூனிட்டுகள் அமைத்திருக்கின்றன என்று கேளுங்கள். தினக்கூலிக்கு வரும் தயாரிப்புப் பையன் முகத்தில் தட்டு வந்து விழுந்தால் அவன் யாரிடம் போவது என்றும் கேளுங்கள். பேட்டி கொடுக்க நான் தயார். பெயர் மட்டும் போட வேண்டாம். ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்குச் சம்பள பாக்கி இன்னும் வரவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தயாரிப்பு நிர்வாகி,
சாலிகிராமம், சென்னை.