2.6 சராசரியோடு பாத மருத்துவம் படிக்கப் போகிறேன்: ஒரு நன்றி மடல்

பெரியோர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வருகிற ஆகஸ்ட் மாதம் இங்கே அமெரிக்காவில் பாத மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனாகச் சேர்கிறேன். நான்காண்டுப் படிப்பும் அதற்குப் பின் மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சியும் மிச்சமிருக்க, இடம் கிடைத்ததற்கே நன்றி மடல் எழுதுவது அவசரமாகத் தோன்றலாம். இளங்கலையில் 4-க்கு 2.6 சராசரி வாங்கிய ஒருவனுக்கு அந்த இடம் கிடைத்ததில் என் பங்கைவிட உங்கள் பங்கு பெரிது என்பதாலும், நேரில் சொல்ல வரும்போதெல்லாம் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவதாலும், எழுதியே வைக்கிறேன்.

முதல் நன்றி, எனக்குப் பரிந்துரைக் கடிதம் தர மறுத்த வேதியியல் பேராசிரியர் அம்மையாருக்கு. கரிம வேதியியலில் சி வாங்கியிருந்த நான் உங்கள் அறைக்கு வந்து நின்றபோது, "எழுதித் தருகிறேன், ஆனால் அது உப்புச் சப்பில்லாத கடிதமாக இருக்கும்; படிப்பவர்களுக்கு அது புரியும்; உனக்கு அது கெடுதல்தான்" என்றீர்கள். அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஒரு தாளை எடுத்து நீங்கள் போட்டுக் காட்டிய கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. 120 கிரெடிட்டுக்கு (பாடங்களின் எடையைக் கணக்கிடும் அலகு அது) 2.6 என்றால் 312 புள்ளிகள். ஓராண்டு முழுக்க 30 கிரெடிட் படித்து ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கி, 3.9 என்றே வைத்துக்கொண்டாலும், கூடுவது 117 புள்ளிகள். 429-ஐ 150-ஆல் வகுத்தால் 2.86. மூன்றைக்கூடத் தொடவில்லை. "சராசரி உன்னைக் காப்பாற்றாது, கடைசி முப்பது கிரெடிட் மட்டும் தனியாகத் தெரியும்படி செய்" என்று நீங்கள் சொன்னதுதான் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எனக்கு வழி காட்டியது. மாலை வகுப்பில் கரிம வேதியியலை மறுபடி எடுத்தேன். உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் என்று அதன்மேல் அடுக்கினேன். பழைய சி மதிப்பெண் பட்டியலிலிருந்து மறையவில்லை, ஆனால் அதற்குக் கீழே ஏ என்று ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன்பின் கேளாமலே கடிதம் எழுதித் தந்தீர்கள்.

சித்தி, சித்தப்பா இருவருக்கும் நான் பட்டிருப்பது நன்றி என்ற சொல்லில் அடங்காத கடன். நியூ ஜெர்சியில் வண்டி ஓட்டுபவர் தாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே நள்ளிரவிலும் பெட்ரோல் பங்கில் ஓர் ஆள் நிற்க வேண்டும். இளங்கலையின் நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் அந்த ஆள் நான்தான். இரவு வேலையை விட்டுவிடச் சொல்லி, மாடியறையையும் சனிக்கிழமை காரையும் எனக்குக் கொடுத்து, வாடகை பற்றி ஒரு முறைகூட வாய் திறக்காதவர்கள் நீங்கள். பாத மருத்துவம் என்று நான் முதலில் சொன்ன நாளில் சித்தப்பா, "இத்தனை படித்து, கடைசியில் காலைப் பிடிக்கிற வேலையா?" என்று கேட்டுச் சிரித்தது நினைவிருக்கிறது. விண்ணப்ப காலத்தில் நான் எத்தனை பேர் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது என்று பார்த்தபின் அவர் அந்த வேடிக்கையை நிறுத்திவிட்டார்.

நூலகத்தில் வார இறுதிகளை என்னோடு கழித்த இரு நண்பர்களுக்கும் நன்றி. மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண் 472-இல் தொடங்கி 528-இல் முடிகிறது. முதல் முறை 488 எடுத்தவன் இரண்டாம் முறை 499 எடுத்தேன் என்றால், வாசிப்புப் பகுதியைக் கடிகாரம் வைத்து நீங்கள் என்னைப் படிக்கவைத்ததே காரணம்.

விண்ணப்பத்துக்கான தன்விளக்கக் கட்டுரையைத் திருத்திய அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வரைவில் மூன்று பத்திகள் முழுக்க என் குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணங்கள் அடுக்கியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "இதில் உன்னைத் தவிர எல்லோரும் குற்றவாளிகள்" என்றாய். மூன்று பத்திகளும் இரண்டு வாக்கியங்களாயின: இரவு வேலை செய்தேன், தடுமாறியபோது யாரிடமும் உதவி கேட்கவில்லை. நேர்காணலில் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சுட்டித்தான் கேட்டார்கள், இப்போது கேட்பாயா என்று. மாலை வகுப்பில் ஆசிரியர் அறை வாசலில் நான் காத்திருந்த நாள்களைச் சொன்னேன்.

இனி, பாத மருத்துவரான டாக்டருக்கு. வியாழக்கிழமை மதியங்களில் உங்கள் கிளினிக்கில் ஓர் ஓரமாக நிற்க அனுமதி கேட்டு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு, ஒரே ஒரு நிபந்தனையோடு பதில் தந்தீர்கள்: "எம்.டி. கிடைக்காது என்பதற்காக இங்கே வருவதாக இருந்தால் வர வேண்டாம்." எம்.டி. என்பது இங்கே வழக்கமான மருத்துவர் பட்டம். உண்மையில் நான் அதற்காகத்தான் வந்தேன். குறைந்த சராசரியோடு நுழைய எளிய இடம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். நாடு முழுவதும் சேர்த்தே பத்துப் பதினோரு கல்லூரிகள்தான் என்பதும், நேர்காணலில் அவர்கள் முதலில் தேடுவது இந்தத் தொழில் இன்னதென்று தெரிந்து வந்தவனா என்பதைத்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஆணிக்காலும் குதிகால் வெடிப்பும்தான் பாத மருத்துவம் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு முதியவர் வந்தார், நெடுநாள் சர்க்கரை நோயாளி. பத்துக் கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் ஒவ்வோர் இடமாக வைத்து அழுத்தினீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் ஓரிடத்திலும் "தெரிகிறது" என்று சொல்லவில்லை. பிறகு அவருடைய காலணிக்குள் கையை விட்டு ஒரு சிறு திருகாணியை எடுத்தீர்கள். காலையிலிருந்து அதன்மேல் நடந்திருக்கிறார். புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே, வலி இல்லாத காலில் புண் எப்படி வருகிறது என்பதை உலகுக்கு விளக்கியவர்களில் ஒருவர் உன் நாட்டில் பிறந்தவர் என்று பால் பிராண்டைப் பற்றிச் சொன்னீர்கள். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தவர். உணர்விழந்த உறுப்பில் படும் காயமே புண்ணாகிறது என்று கண்டு, அந்த அறிவைப் பின்னாளில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படச் செய்தவர். அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்ப அவர் பயன்படுத்திய மாவுக்கட்டைத்தான் அன்று நீங்கள் அந்த முதியவருக்குப் போட்டீர்கள்.

என் தந்தையின் ஊர் சேந்தமங்கலம், கொல்லிமலை அடிவாரம். அந்த ஊரில் என் தாத்தாவுக்குச் சர்க்கரைப் புண்ணால் முதலில் விரலும் பிறகு முழங்காலுக்குக் கீழும் போயின. அந்த மலையில் பிறந்தவரைப் பற்றி நியூ ஜெர்சியில் ஓர் அமெரிக்கர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அன்று மாலை காரில் வெகுநேரம் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் நிபந்தனைக்கு நேர்மையாகப் பதில் சொல்லக்கூடியவன் ஆனது அன்றுதான். பதினான்கு மாதங்கள் கழித்து நீங்கள் எழுதிய கடிதத்தில், யாரும் சொல்லாமலே ஒவ்வொரு நோயாளியின் காலணிக்குள்ளும் கைவிட்டுப் பார்ப்பவன் என்று குறிப்பிட்டிருந்ததாக நேர்காணலில் சொன்னார்கள். அதைவிட உயர்ந்த சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

விண்ணப்பித்த முதலாண்டில் ஒரு கல்லூரியிலிருந்தும் அழைப்பு வரவில்லை. பருவம் முடியும் தறுவாயில் விண்ணப்பித்ததும் ஒரு காரணம். இருக்கும் இடங்கள் வரிசையாக நிரம்பிக்கொண்டே போகும் முறை அது. இரண்டாமாண்டு முன்கூட்டியே அனுப்பினேன், இரண்டு இடங்களில் அழைத்தார்கள், ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள்.

டாக்டர், வகுப்பு தொடங்கும் வரை வியாழக்கிழமைகளில் வழக்கம்போல் வருவேன். சித்தி, சனிக்கிழமை கார் இனி எனக்கு வேண்டாம். சாவியை அடுப்படி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

அன்பும் நன்றியும் கலந்து,
எடிசன், நியூ ஜெர்சி