எண்ணினவன் சரியா எண்ணினானா, அண்ணே?

அண்ணே,

இந்த மார்ச்சோடு அப்பா போய் நாலு வருசம். படையல் போட்டோ வந்தது. இலையோரத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடியை வைத்திருந்தாய், காது பக்கம் கம்பி சுற்றினது அப்படியே.

மோட்டார் விற்ற கதையையும் ஆறாம் படிவக் கதையையும் இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நமக்குத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள். சில இடங்களில் நான் வாயை மூடிக்கொண்டால் அதற்காகத்தான்.

2020 பொங்கல் நினைவிருக்கா? வாசல் சிமெண்டில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தேன். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குனிந்து, "என்னதாம்மா தேடுற?" என்றாய்.

சொன்னேன். பி மெசான் என்று ஒரு துகள், புரோட்டானைப்போல ஐந்தரை மடங்கு கனம். ஒரு நொடியை லட்சம் கோடி பங்கு போட்டால் அதில் ஒன்றரைப் பங்குதான் ஆயுசு. அது சிதையும்போது, ஏறக்குறைய இருபது லட்சத்தில் ஒரு தடவை, கேயான் என்ற துகள் ஒன்றும் மியூவான் என்ற துகள் இரண்டும் வரும். மியூவானுக்குப் பதில் எலக்ட்ரான் ஜோடியும் வரலாம். மியூவான் எலக்ட்ரானைவிட 207 மடங்கு கனம்தான், ஆனாலும் இந்தச் சிதைவில் இரண்டும் சமமாக வந்தாக வேண்டும். மெசானுக்குள் இருக்கிற குழப்பத்தை யாராலும் துல்லியமாகக் கணக்குப் போட முடியாது. ஆனால் ஒன்றை மற்றதால் வகுத்தால் அந்தக் குழப்பம் மேலும் கீழும் அடிபட்டுப் போகும், விடை 1. ஜெனிவாவில், செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தில் அளந்தவர்களுக்கு வந்ததோ 0.846. நூறு எலக்ட்ரானுக்கு எண்பத்தைந்து மியூவான்.

நீ பையிலிருந்து உதிரிப் பழம் நாலைந்தை எடுத்து என் தாள்மேலேயே வரிசையாக வைத்தாய். "குறையுதுன்னா, வெட்டினவன் குறைச்சானா, எண்ணினவன் கூட்டினானா? காய்க்குலையையும் பழக்குலையோட சேர்த்து எண்ணிப்புட்டா..." என்று ஆரம்பித்தாய். பழத்தின் எண்ணெய் தாளில் ஊறுவதைத்தான் நான் பார்த்தேன். "கையைக் கழுவிட்டு வாண்ணே" என்று எரிந்து விழுந்தேன். நீ ஒன்றும் பேசாமல் குழாயடிக்குப் போனாய்.

2021 மார்ச் 23. ஜெனிவாவில் மறுபடி அளந்தார்கள். அதே 0.846, ஆனால் இப்போது பிழை குறைந்து 3.1 சிக்மா. 1இலிருந்து எத்தனை பிழையளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் சிக்மா. தற்செயலாக இப்படி வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும், இருந்தாலும் எங்களில் பாதிப்பேர் தூங்கவில்லை. லெப்டோகுவார்க் என்ற புதுத் துகள் ஒன்று இருந்தால் இந்தக் குறை வரும் என்று நாங்கள் எழுதி வைத்திருந்த கட்டுரையில் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து உன் போன்.

கோவிட் தனிமைப்படுத்தல் என்று எல்லாரிடமும் சொன்னேன். அடக்கத்துக்கு வந்திருக்க முடியாது, அது நிஜம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கலாம். உடனே கிளம்பியிருந்தால் வந்திருக்கலாம், அண்ணே. நான் கட்டுரையை முடித்தேன். இதை உன்னிடம் போனில் சொல்ல நாலு வருசமாக வாய் வரவில்லை.

ஆனால் நீயும் காரியத்தன்று சொந்தக்காரர்கள் நடுவில், "அவளுக்கு அப்பாவைவிடக் கணக்குதான் பெருசு" என்றாய். என் காதுக்கு வந்தது. அந்தக் கணக்கைப் படி, படி என்று என்னைப் பிடித்துத் தள்ளியது யார்? நான் படிப்பது ஊருக்குப் பெருமையாக இருந்தவரை உனக்கு இனித்தது. அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்ததும் அது என் தப்பாகிவிட்டதா?

மேலே எழுதவில்லை. படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2022 டிசம்பர் 20 அன்று திருத்தின அளவு வந்தது. 0.949. பிழை வரம்புக்குள் 1தான். எலக்ட்ரானைப் பிடிப்பது கஷ்டம், கருவிக்குள் நுழையும்போதே ஆற்றலை ஒளியாக உதிர்த்துவிடும். அதனால் எலக்ட்ரான்போலத் தெரிந்த வேறு துகள்கள் சிலவும் அந்தக் கணக்கில் ஏறிவிட்டன. காயும் பழமும் கலந்துபோச்சு. குழாயடிக்குப் போன உன் முதுகு அன்று ராத்திரி முழுக்கக் கண்ணிலேயே நின்றது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கட்டுரைக்காக மட்டும் கேட்க மாட்டேன். அன்றிருந்த அளவை வைத்து நேர்மையாகத்தான் எழுதினோம். அளந்தவர்களே தங்கள் தப்பைத் தேடிப் பிடித்து ஊரறியச் சொன்னார்கள். இந்தத் தொழிலை நான் விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

விடவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன வாரம் இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். ஈப்போவில் நீ பார்த்து வைத்த வேலை வேண்டாம். மியூவானைவிடவும் கனமான அதன் உறவுத் துகள் டௌ; பி மெசான் அதோடு சிதைகிற கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பக்கம் 2012இல் எண்ணினபோது டௌ கொஞ்சம் கூடுதலாக வந்தது, இன்னும் தீரவில்லை. இந்தத் தடவை தாளைத் தொடுவதற்கு முன்னால், எண்ணுகிறவர்களோடு ஆறு மாதம் உட்காரப் போகிறேன்.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. எண்ணெய் ஊறின இடத்தில் பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. தீபாவளிக்கு வரும்போது எடுத்து வருகிறேன். அன்றைக்குப் பாதியில் நிறுத்தினதை முழுசாகச் சொல்.

பாப்பா