வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வட்டத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். பேசப்பட்ட நூல்களின் பெயர்களை வாசித்துவிட்டு அமராமல், அவற்றைப் படித்த ஒரு வாசகனாக நான் உணர்ந்ததையும் பதிவு செய்யுமாறு செயற்குழு கேட்டுக்கொண்டதால், இவ்வறிக்கை வழக்கத்தினின்று சற்று விலகிச் செல்வதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பூமணியின் 'வெக்கை' நாவலை ஒரே இரவில் முடித்தேன். கொலை செய்துவிட்டுத் தலைமறைவாகத் திரியும் சிறுவனை என்னால் குற்றவாளியாகப் பார்க்கவும் முடியவில்லை, அவன் செயலுக்கு நியாயம் சொல்லவும் மனம் வரவில்லை. தந்தையும் மகனும் மறைவிடத்தில் சமைத்து உண்ணும் பகுதிகளே, வெட்டுப்பட்ட காட்சியைவிட என்னை அதிகம் கலங்கச் செய்தன.

ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிய 'குட்டி இளவரசன்' நூலைக் குழந்தைக் கதை என்று எண்ணி விரைவாகப் புரட்டிவிட்டேன். அது என் தவறு. கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் நரி வரும் அத்தியாயத்தை உரக்க வாசித்தபோதுதான் அந்த எளிய வாக்கியங்களின் துயரம் எனக்கு எட்டியது. 1943இல் அந்நூலை வெளியிட்ட செந்த் எக்சுபெரி, மறு ஆண்டே போர் விமானத்தில் சென்று திரும்பாமற்போனார் என்பதை அறிந்த பிறகு, கடைசிப் பக்கங்களை என்னால் முன்போலப் படிக்க இயலவில்லை.

ரேச்சல் கார்சன் 1962இல் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி எழுதிய 'மௌன வசந்தம்' என்னைச் சோர்வடையச் செய்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பறவைகளின் குரல் அடங்கிய கற்பனை ஊரைக் காட்டும் தொடக்கம் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது; வேதிப்பொருள்களைப் பற்றிய பகுதிகளில் இருமுறை நூலை மூடினேன். ஆயினும் அச்சான்றுகள் இல்லையெனில் அந்தத் தொடக்கம் வெறும் அச்சுறுத்தலாக நின்றிருக்கும் என்றே இப்போது கருதுகிறேன்.

இவ்வாண்டு என்னை மிகுதியும் ஆட்கொண்டது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1880இல் முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த இளம் ஆசிரியர், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் பெருமிதத்தோடு அடுக்க, இவற்றைப் படித்து என்ன பிரயோசனம் என்று முதலியார் கேட்டுவிடுகிறார். அந்த இடத்தில் நூலை மூடிவைத்து, நான் இதுவரை படித்தவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பட்டியல் நீண்டது, ஆனால் பழந்தமிழ்க் காப்பியங்களில் ஒன்றுகூட அதில் முழுமையாக இடம்பெறவில்லை. ஐயர் மனம் புண்பட்டு விலகிவிடாமல், தமக்குப் பழக்கமில்லாத சீவக சிந்தாமணியின் பிரதியைப் பெற்று, புரியாத சமணக் கருத்துகளைச் சமணர்களிடமே கேட்டுத் தெளிந்து, 1887இல் அதைப் பதிப்பித்தார். அவ்வளவு கற்றவர் மீண்டும் மாணவராக அமர்ந்ததை எண்ணுந்தோறும் என் கண்கள் நனைகின்றன. 1942இல் அவர் மறைந்ததால் சரித்திரம் முற்றுப்பெறாமல் நிற்கிறது. கடைசி அத்தியாயத்தைக் கடந்தும் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

வரும் ஆண்டில் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன், ஒரு கூட்டத்திற்கு ஓர் இலம்பகம், அதாவது காப்பியத்தின் ஓர் உட்பிரிவு, என்ற அளவில், அனைவரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்ற முன்மொழிவைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். நாமகள் இலம்பகத்தை நான் தொடங்கிவிட்டேன். உரையின் துணையிருந்தும் ஒரு நாளில் ஐந்தாறு பாடல்களுக்கு மேல் நகர முடியவில்லை.

இங்ஙனம்,
செயலாளர்