ஷெர்லி எழுதிவைத்துப் போன சீட்டு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் இல்லையே என்று திட்டித் தீர்த்திருப்பாய். கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள், காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு. குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனபோது பனியில் வழுக்கி விழுந்துவிட்டேன். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இடது கணுக்கால் எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டு. இவரோ, "இத்தனை வருஷமாக மில்வாக்கியில் இருக்கிறாய், இன்னும் பனியில் நடக்கத் தெரியவில்லையே" என்று தினம் ஒரு தரம் சொல்லிக்கொண்டே காபி கொண்டுவந்து தருகிறார். காபி சுமார்தான்.

உன் முட்டி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாயா? நம் இருவரிடமும் இப்போது சேர்த்து இரண்டு நல்ல கால் தேறினால் அதிகம்.

சரி, இந்த ஆறு வாரம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு அம்மாள் இருக்கிறார், எண்பதைத் தொடப்போகிறார், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் விழுந்த மறுநாளே நூலகத்திலிருந்து ஒரு பை நிறைய டிவிடி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். 'லவெர்ன் அண்ட் ஷெர்லி' என்ற பழைய அமெரிக்க டிவி தொடர். "மில்வாக்கியில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருப்பது குற்றம்" என்றார். அவருக்காக முதல் நாள் ஒன்று பார்த்தேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 1950களின் கடைசி. மில்வாக்கியில் ஷாட்ஸ் என்றொரு கற்பனை பீர் தொழிற்சாலை. அதில் பாட்டிலுக்கு மூடி போடும் பிரிவில் இரண்டு பெண்களுக்கு வேலை. ஒரு வீட்டின் அடித்தளத்தில் ஒண்டிக் குடித்தனம். லவெர்னுக்கு வாய் அதிகம், காதல் அதைவிட அதிகம். ஷெர்லிக்கு எதிலும் ஒரு நாசூக்கு வேண்டும். அந்த வயதிலும் ஒரு பொம்மைப் பூனையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். கையில் காசு நிற்காது, வருகிற ஆண்களும் நிற்க மாட்டார்கள். 1976 ஜனவரியில் தொடங்கி 1983 மே வரை ஏபிசி டிவியில் ஓடியிருக்கிறது, மொத்தம் 178 எபிசோடு. 'ஹேப்பி டேஸ்' என்ற தொடரில் ஒரு நாள் கூத்துக்கு வந்துபோன பாத்திரங்களாம் இவர்கள். அதன் நாயகர்கள் ஃபான்ஸியும் ரிச்சியும் வெளியே கூட்டிக்கொண்டு போகிற பெண்கள், அவ்வளவுதான். கிளைத் தொடர் பிறந்து இரண்டு வருஷத்தில் அம்மாத் தொடரையே தாண்டி, அடுத்தடுத்த இரண்டு சீசன் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சியாகிவிட்டது.

ஆனால் இங்கே ஆற்றங்கரை நடைபாதையில் வெண்கலச் சிலை யாருக்கு இருக்கிறது, சொல்? ஃபான்ஸிக்கு. இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான், 2008லிருந்து. கால் சரியானதும் போய் அவனிடம் நியாயம் கேட்கப்போகிறேன்.

தொடக்கப் பாட்டைத்தான் முதலில் உனக்குக் காட்டவேண்டும். இந்த ஊர் நகரமண்டபக் கோபுரம் வரும், பீர் பாட்டில்கள் வரிசையாகப் பெல்ட்டில் ஓடிவரும். ஒரு பாட்டிலின் தலையில் வேலைக் கையுறையை மாட்டி விட்டிருப்பார்கள். ஐந்து விரலும் விறைத்து நிற்க, அது பாட்டுக்கு டாட்டா காட்டிக்கொண்டே போகும். இரண்டு பேரும் அதை வழியனுப்புவார்கள். அதைப் பார்த்ததும் டிவியை நிறுத்திவிட்டேன். நாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போர்டில் ராத்திரி ஷிப்ட் பார்த்தபோது, லைன் வராத நேரத்தில் நீ ஹெட்போனை மேஜைமேல் தண்ணீர்க் கூஜாவுக்கு மாட்டிவிட்டு, "அக்கா பிஸியாக இருக்கிறார், அப்புறம் வாருங்கள்" என்று சூப்பர்வைசர் குரலில் சொல்வாயே. ஒரே மாதிரி வேலையை நாள் முழுக்கச் செய்கிற பெண்கள் எங்கே இருந்தாலும் இப்படி ஏதாவது ஒன்று செய்துதான் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறார்கள் போல.

அந்தப் பாட்டுக்கு முன்னால், தெருவில் இருவரும் கைகோத்துக்கொண்டு பாண்டி ஆடுகிற மாதிரி துள்ளி, எட்டு வரை எண்ணி, "ஷ்லெமீல், ஷ்லிமாசல்" என்று ஏதோ சொல்லிக்கொண்டு வருவார்கள். லவெர்னாக நடித்த பென்னி மார்ஷல் நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். சின்ன வயதில் தோழிகளோடு சொல்லித் திரிந்ததை அப்படியே கொண்டுவந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள் அர்த்தம் சொன்னார். இரண்டுமே யூதர்கள் பேசும் யிட்டிஷ் மொழிச் சொற்கள். ஷ்லெமீல் என்றால் எப்போதும் கைதவறிச் சூப்பைக் கொட்டுகிறவன். ஷ்லிமாசல் என்றால் எப்போதும் யார் கொட்டினாலும் எவன் மடியில் விழுகிறதோ அவன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஐந்து வருஷம் ஒரே அறையில் இருந்த நம் வரலாறு முழுக்க இந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறதே! யார் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உன் மஞ்சள் பட்டுப்புடவை இன்னும் சாட்சி சொல்லும்.

லவெர்னுடைய எல்லா உடுப்பிலும் மார்புப் பக்கம் பெரிதாக ஒரு 'எல்' தைத்திருக்கும். சட்டை, ஸ்வெட்டர், தொழிற்சாலை உடுப்பு, எதையும் விடவில்லை. அப்புறம் அவள் குடிப்பது பாலும் பெப்சியும் கலந்து. இதுவும் பென்னி சின்ன வயதிலிருந்து குடித்ததாம். நானும் செய்து பார்த்தேன். கால்வாசி பால், முக்கால்வாசி பெப்சி, ஐஸ் போட்டு. பழைய காபியில் தண்ணீர் கலந்த நிறம். மேலே நுரை கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் வெள்ளைத் திட்டுத் திட்டாகத் திரிந்து மிதந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். உருகிய ஐஸ்கிரீமை யாரோ சோடாவில் கழுவினதுபோல இருந்தது. அவ்வளவு மோசமில்லை. இரண்டாவது தம்ளர் கேட்கவுமில்லை.

உனக்கு ஒரே ஒரு எபிசோடுதான் பார்க்க நேரம் என்றால், இருவரும் பரிசோதனைக்கு ஆளாகப் போகிற எபிசோடைப் பார். பணக்காரர்கள் வரும் விருந்து ஒன்றுக்குப் போகக் காசு வேண்டும். அதற்காக ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் போய்ப் பெயர் கொடுக்கிறார்கள். ஒருத்தியைத் தூங்கவிட மாட்டார்கள், இன்னொருத்தியைச் சாப்பிடவிட மாட்டார்கள். அதை முடித்துக்கொண்டு நேரே விருந்து. வசனம் ஏறக்குறைய தேவையே இல்லை. பசியில் இருப்பவள் கண் தட்டுகளின் பின்னாலேயே போகிறது. தூக்கத்தில் இருப்பவள் நின்றபடியே சரிகிறாள். அந்த நிலையிலும் ஒருத்தி விழப்போகும்போது இன்னொருத்தியின் கை தானாக நீளும், பார்! அதில் நடிப்பே தெரியாது. கூட இருந்து கூட இருந்து பழகின உடம்புக்குத்தான் அது வரும்.

எனக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனதே இதனால்தான் என்று நினைக்கிறேன். நகைச்சுவையில் பாதி இப்போது பழசாகிவிட்டது. ஆண்களைப் பிடிப்பதைப் பற்றிய துணுக்குகள் சில எரிச்சலாகவே இருந்தன. ஆனால் இவர்கள் இருவரும் சண்டை போட்டால் அந்தச் சண்டை முடிவதே இல்லை, கவனித்தாயானால். மன்னிப்பு, கண்ணீர், கட்டிப்பிடித்தல் எல்லாம் சில நாள் உண்டு. பல நாள் அதுவும் கிடையாது. சண்டையின் நடுவில் கதவு திறக்கும், வேறு தொல்லை உள்ளே வரும், இருவரும் சேர்ந்து அதைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். பாதியில் நின்ற சண்டை அங்கேயே மூலையில் கிடக்கும்.

உள்ளே வரும் தொல்லை பெரும்பாலும் மாடியில் இருக்கிற லென்னியும் ஸ்குவிகியும்தான். பேரைச் சொன்னதும் ஆள் வந்தால் நூறு ஆயுசு என்போமே. இங்கே பேரைச் சொல்லவே வேண்டாம். "இதைவிடக் கேவலமாக ஒன்று உலகத்தில் இருக்குமா?" என்று யாராவது கேட்டால் போதும், கதவைத் தள்ளிக்கொண்டு மூக்கால் ஒரு "ஹலோ". ஒவ்வொரு தடவையும் வருகிறது என்று தெரிகிறது, ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறேன். இவர் அடுத்த அறையிலிருந்து "அந்த ஹலோ வந்தாச்சா?" என்று கேட்கிறார். நடித்த இரண்டு பேரும், மைக்கேல் மெக்கீனும் டேவிட் லாண்டரும், கல்லூரியில் படிக்கும்போதே விளையாட்டாக உருவாக்கிய பாத்திரங்களாம்.

ஆறாவது சீசனில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவில் பர்பேங்குக்குக் குடிபெயர்த்துவிட்டார்கள். வெயில் வந்தது, தொடர் வாடிவிட்டது. பீர் தொழிற்சாலை இல்லாத, அடித்தள அறை இல்லாத இவர்களை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை. அடுத்த வருஷமே நிஜ மில்வாக்கியில் ஷ்லிட்ஸ் கம்பெனி தன் பெரிய பீர் ஆலையை மூடிவிட்டது. அந்த வருஷம் ஊரில் பலருக்கு வேலை போனதை அவர் சொல்லும்போது, இந்தத் தொடர் கிளம்பிப் போனதையும் அதே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார்.

திரைக்கு வெளியே இருவருக்கும் நடந்ததுதான் பெரிய கதை. ஷெர்லியாக நடித்த சிண்டி வில்லியம்ஸும் பென்னியும் இந்தத் தொடருக்கு முன்பே சேர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர்கள். பென்னியின் அண்ணன் காரி மார்ஷல்தான் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர், அப்பாவும் தயாரிப்பில் இருந்தார். குடும்பமே அந்தப் பக்கம் நிற்கும்போது சிண்டிக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பார். யாருக்கு நல்ல வசனம், யாருக்குக் கூடுதல் காட்சி என்று உரசல் இருந்துகொண்டே இருந்தது. கடைசி சீசனில் சிண்டி கர்ப்பம். பிரசவத் தேதியன்றும் படப்பிடிப்பு என்று அட்டவணை வர, அது வழக்கு வரை போய், இரண்டே எபிசோடோடு அவர் விலகிவிட்டார். தொடர் நிற்கவில்லை. 'லவெர்ன் அண்ட் ஷெர்லி' என்ற அதே பெயரில், ஷெர்லி இல்லாமல், சீசன் முடிகிற வரை ஓடியது.

ஷெர்லி போனதற்குக் கதையில் காரணம் சொல்ல வேண்டுமே. உடம்பெல்லாம் கட்டுப்போட்ட ஒரு ராணுவ மருத்துவனுக்கு அவளைக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அப்புறம் அவள் நேரில் சொல்லிக்கொள்ளாமல், ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டுக் கணவனிடம் போய்விடுகிறாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலில் ஏதோ வலி என்று சொல்லிவிட்டேன்.

நானும் அப்படித்தானே போனேன். உன் ஷிப்ட் காலை ஆறு மணிக்குத்தான் முடியும். எனக்கு ஐந்து மணிக்கு வண்டி. காத்திருந்தால் தவறிவிடும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். மறுநாள் வண்டியிலும் போயிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தால் கல்யாணமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவேனோ என்று பயம், அதுதான் உண்மை. தண்ணீர்க் கூஜாவுக்கு அடியில் சீட்டை வைத்தேன். அப்புறம் நாலு வருஷம் நீ எழுதவில்லை. நாம் மறுபடி எழுத ஆரம்பித்தபோதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கதவு திறந்து வேறு தொல்லைகள் உள்ளே வந்துகொண்டே இருந்தன: பிள்ளைகள், உன் மாமியார், என் வேலை, இப்போது முட்டியும் கணுக்காலும். இத்தனை வருஷம் ரயிலில் போகிறவளின் பக்கமிருந்தே அந்த நாளை நினைத்திருக்கிறேன். அறைக்குள் வந்து கூஜாவைத் தூக்குகிறவளின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பென்னி மார்ஷலின் முகத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அவர்கள் இருவரும் பிற்பாடு சமாதானமாகிவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2013ல் ஒரு சிறுவர் தொடரில் சேர்ந்து நடித்தார்கள். பென்னி அதற்குள் பெரிய இயக்குநர். அமெரிக்காவில் பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூலித்த படத்தை எடுத்த முதல் பெண் அவர்தான். 2018 டிசம்பரில் போய்விட்டார். சிண்டி 2023 ஜனவரியில். இருவருக்கும் அப்போது வயது 75.

அடுத்த வாரம் கட்டைப் பிரிக்கிறார்கள். சனிக்கிழமை உனக்குப் போன் செய்கிறேன், உன் வீட்டுக் கூட்டம் தூங்கினபிறகு. அதற்குமுன் ஒன்று கேட்கவேண்டும், போனில் என்றால் கேட்காமல் விட்டுவிடுவேன். அந்தச் சீட்டில் நான் என்னடி எழுதியிருந்தேன்? ஆறு வாரமாக யோசித்துப் பார்க்கிறேன். பச்சை மையில் எழுதினது ஞாபகம் இருக்கிறது, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு வரி ஞாபகம் இருக்கிறது. மற்றது ஒரு வார்த்தைகூட வரவில்லை. நீ கிழித்துப் போட்டிருந்தால் பரவாயில்லை. வைத்திருந்தால், அப்படியே பார்த்து எழுதி அனுப்பு.

உன்,
அறைத்தோழி

பி.கு. பாலும் பெப்சியும் செய்து பார்க்காதே. உனக்குச் சர்க்கரை.